'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள்

கேள்வி: திருவான்மியூரில் பாட்டு வகுப்பு நடத்துகிறேன். என் குருநாதர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடங்களைக் கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தேன். பிறகு அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் சேர்த்தேன். மகளின் கல்யாண வீடியோவும் அதில்தான் இருக்கிறது. போன மாதம் அந்த வீடியோவை டிவியில் போட்டுப் பார்த்தோம். முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு டிஸ்கைக் கழற்றினேன். அதற்குப் பிறகு லேப்டாப்பில் சொருகினால் விளக்கு எரிகிறது, சொருகும்போது வழக்கமாக வரும் சத்தமும் வருகிறது, ஆனால் உள்ளே எதையும் திறக்க முடியவில்லை. ஒரே ஒரு முறை 'ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று கேட்டது. பயந்துபோய் கேன்சல் கொடுத்துவிட்டேன். ஃபார்மட் செய்துவிட்டு சாஃப்ட்வேர் போட்டு மீட்டுவிடலாம் என்கிறான் அக்கா மகன். ஒரு கடையில் போர்டு மாற்ற வேண்டும் என்கிறார்கள். பாடங்கள் திரும்பக் கிடைக்குமா?

பதில்:

அன்புள்ள அம்மா, வணக்கம்.

கேன்சல் கொடுத்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். டிஸ்கிலிருந்து ஃபைல்களை மீட்கும் வேலையில் இருக்கும் எங்களிடம் வருகிறவர்களில் பலர் அதே பயத்தில் 'ஓகே' கொடுத்துவிட்டுத்தான் வருவார்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், பாடங்கள் டிஸ்குக்குள் அப்படியே இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் 'எதற்கும் இன்னொரு முறை பார்ப்போம்' என்று சொருகிச் சொருகிப் பார்த்தால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகலாம். அதனால் இதைக் கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் டிஸ்கைக் கையில் எடுங்கள்.

முதலில் அக்கா மகனின் யோசனை. பழைய டிஸ்குகளில் அது பெரும்பாலும் பலித்தது உண்மைதான். குயிக் ஃபார்மட் கொடுத்தால் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் புதிதாக எழுதப்படும். ஃபைல்கள் இருந்த இடத்திலேயே கிடக்கும். ஆனால் சமீப வருடங்களில் வந்த சின்ன போர்ட்டபிள் டிஸ்குகளில் பலவும் எஸ்எம்ஆர் என்ற முறையில் எழுதுபவை. ஒரு தடத்தின் ஓரத்தின் மேல் அடுத்த தடம் ஏறி உட்காரும்படி எழுதி, அதே இடத்தில் அதிகமாக அடைக்கிற முறை அது. இந்த வகையில் சில டிஸ்குகளுக்கு, ஃபார்மட் கொடுத்த உடனே 'இந்த இடமெல்லாம் இனி காலி' என்று விண்டோஸ் சொல்லிவிடும். அதன் பிறகு எந்த சாஃப்ட்வேர் போய்ப் படித்தாலும் டிஸ்க் வெறும் பூஜ்யங்களைத்தான் திருப்பித் தரும். உங்களுடையது எந்த வகை என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. முழு ஃபார்மட் என்றால் பேச்சே வேண்டாம். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அது டிஸ்க் முழுக்கப் பூஜ்யத்தை எழுதி அழித்துவிடுகிறது. பையன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறான், ஆனால் இதில் மட்டும் அவன் பேச்சைக் கேட்காதீர்கள்.

இதே காரணத்துக்காக இன்னும் இரண்டையும் தவிர்க்க வேண்டும். ஒன்று, விண்டோஸ் 'இனிஷியலைஸ்' செய்ய, அதாவது புது டிஸ்க் போலத் தயார்படுத்த, கேட்டால் அதற்கும் கேன்சல்தான். இன்னொன்று, 'செக் டிஸ்க்' ஓட்டிப் பாருங்கள் என்று யாராவது சொல்வார்கள். டிஸ்க் ஒழுங்காக வேலை செய்யவேண்டும், அவ்வளவுதான் அந்தக் கருவியின் நோக்கம். உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. தனக்குப் புரியாத பதிவுகளை அது வெட்டிப் போட்டுவிடும். நமக்கு வேண்டியது நேர்மாறானது. டிஸ்க் போனாலும் போகட்டும், பாடங்கள் வர வேண்டும். பாடங்கள் வெளியே வரும்வரை அந்த டிஸ்கில் ஒரு எழுத்துகூடப் புதிதாக எழுதக் கூடாது.

சரி, இப்போது என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

விளக்கு எரிவதை வைத்து டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிட முடியாது. அந்த விளக்கு இருப்பது வெளிப்புற போர்டில், அதாவது சிப்புகள் பதித்த மின்சுற்று அட்டையில். உள்ளே தட்டு சுற்றுகிறதா என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மின்விசிறியையும் ஏசியையும் அணைத்துவிட்டு, டிஸ்கை மேஜையில் தட்டையாக வையுங்கள். கேபிளைச் சொருகி, அதன் மேல் ஒரு விரலை லேசாக வைத்து, காதைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். இந்தச் சின்ன டிஸ்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுபவை, அதாவது விநாடிக்கு 90 சுற்று. நல்ல டிஸ்க் என்றால் மெல்லிய 'விர்ர்' என்று எழும்பி, சில விநாடிகளில் சுருதிப் பெட்டி மாதிரி ஒரே நிலையில் நின்றுவிடும். விரலுக்கு லேசான அதிர்வு தெரியும். உங்கள் காதுக்கு இது ரொம்பச் சுலபம்.

அப்படி இல்லாமல் 'டக், டக், டக்' என்று ஒரே காலப்பிரமாணத்தில் தட்டிக்கொண்டே இருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். தட்டைப் படிக்கும் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப ஆரம்பத்துக்குப் போகிறது என்று அர்த்தம். ஹெட்டுக்கும் தட்டுக்கும் இடையே இருப்பது சில நானோமீட்டர் இடைவெளி. பழுதான ஹெட் அந்த வேகத்தில் தட்டை உரசிவிட்டால் எழுதப்பட்ட பரப்பே பொடியாக உதிர்ந்துவிடும். உதிர்ந்ததை யாராலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது. சுற்றும் சத்தமே இல்லாமல் 'கீ, கீ' என்று முனகினால், மோட்டார் சுற்ற முயன்று முடியாமல் தவிக்கிறது. ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது மின்சாரம் போதாமல் இருக்கலாம். லேப்டாப்பில் கேபிள் சொருகும் வேறு யுஎஸ்பி போர்ட்டில் ஒரே ஒரு முறை பாருங்கள். அங்கும் அப்படியே என்றால் நிறுத்திவிட்டு, கீழே கடையைப் பற்றி எழுதியிருக்கும் பகுதிக்குப் போய்விடுங்கள்.

ஒரே சீராகச் சுற்றுகிறது என்றால் அடுத்தது கேபிள். உங்கள் டிஸ்குக்கு, இரண்டு பாகமாகப் பிரிந்த அகலமான சப்பை வாய் கொண்ட கேபிள் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வாய் சீக்கிரம் தளர்ந்துவிடும். டிவிக்குப் பின்னால் தொங்கவிட்டால் இன்னும் சீக்கிரம். சொருகிய பிறகு லேசாக ஆட்டிப் பார்த்தால் கடகடவென்று ஆடும். திருவான்மியூர் மாதிரி கடலோரம் வீடு என்றால் உப்புக் காற்றில் உள்ளே இருக்கும் பித்தளை நிறத் தகடுகள் கறுத்துப்போவதும் உண்டு. எலக்ட்ரானிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குப் புதுக் கேபிள் கிடைக்கும். நீளமானதை வாங்காதீர்கள், குட்டையானதே நல்லது. மின்சாரம் வழியில் குறையாமல் போகும்.

மின்சாரம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பழைய யுஎஸ்பி 2 போர்ட் கொடுப்பது 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3 போர்ட் கொடுப்பது 900. நின்றிருக்கும் தட்டைச் சுற்றவைக்கும் அந்த முதல் சில விநாடிகளில்தான் டிஸ்க் அதிகமாகக் கேட்கும். போதாவிட்டால் பாதியில் விழுந்து, மறுபடி எழுந்து, மறுபடி விழும். அதனால் ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப்பில் சொருக வேண்டாம். லேப்டாப்பில் உள்பக்கம் நீலமாக இருக்கும் யுஎஸ்பி 3 போர்ட் இருந்தால் அதில், மேஜைக் கம்ப்யூட்டர் என்றால் முன்பக்கம் அல்லாமல் பின்பக்கத்துப் போர்ட்டில் நேராகச் சொருகுங்கள்.

இனி முக்கியமான இடம். லேப்டாப்பில் ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்தால் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்து வெறுமனே பாருங்கள், எதையும் அழுத்த வேண்டாம். கீழ்ப் பாதியில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வரிசையாகக் கட்டங்கள் தெரியும். உங்கள் 2 டிபி டிஸ்க் அங்கே 1863 ஜிபி என்று காட்டும். கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அதனால் வரும் வித்தியாசம் அது. இந்த 1863 தெரிந்தாலே எனக்குப் பாதி நிம்மதி. டிஸ்க் தன்னைத் தானே அடையாளம் சொல்லிக்கொள்கிற அளவுக்கு உயிரோடு இருக்கிறது.

அந்தக் கட்டத்தில் 'ஹெல்தி' என்று இருந்து, பக்கத்தில் ஈ, எஃப் மாதிரி எழுத்து மட்டும் இல்லையென்றால் பிரச்சினை ரொம்பச் சின்னது. அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்' மூலம் ஒரு எழுத்தைக் கொடுத்தால் போதும். ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது. அதே மெனுவில் ஃபார்மட்டும் டெலீட் வால்யூமும் பக்கத்திலேயே இருக்கும். அதனால் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகச் செய்யுங்கள்.

'ரா' (RAW) என்று இருந்தால், டிஸ்கின் ஃபைல் பட்டியல் கெட்டிருக்கிறது. ஃபார்மட் கேட்டது என்று நீங்கள் சொல்வதால் என் ஊகம் இதுதான். காரணமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ரிமோட்டில் டிவியை அணைத்தால் அது பெரும்பாலும் ஸ்டாண்ட்பைக்குத்தான் போகும். யுஎஸ்பிக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கலாம், டிவி டிஸ்கில் எதையாவது எழுதிக்கொண்டும் இருக்கலாம். அந்த நேரம் பார்த்துக் கழற்றினால் பட்டியல் பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும். பட்டியலை எழுதிவைக்கும் முறைகளில் எக்ஸ்ஃபேட் என்பதில் டிஸ்க் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். பாதியில் நின்ற வேலையைப் பிறகு சரிசெய்துகொள்வதற்கான குறிப்பேடு விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் உண்டு, எக்ஸ்ஃபேட்டில் கிடையாது. ஆனால் கெட்டது பட்டியல்தான். பாடங்கள் தட்டில் அப்படியே இருக்கும்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்றை விசாரியுங்கள். டிஸ்கை டிவியில் சொருகினீர்களா, செட்டாப் பாக்ஸிலா? நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் வசதியுள்ள பாக்ஸ்களும் டிவிகளும், புது டிஸ்கைப் பார்த்ததும் தன் முறைக்கு ஃபார்மட் செய்துகொள்ளட்டுமா என்று திரையில் கேட்கும். குழந்தைகள் யாராவது ரிமோட்டில் ஓகே கொடுத்திருந்தால் கதையே வேறு. யாரையும் திட்டாமல் கேளுங்கள், அப்போதுதான் உண்மை வரும். மீட்கிறவருக்கு அந்தத் தகவல் ரொம்ப முக்கியம்.

கட்டம் முழுக்கக் கறுப்புக் கோடு போட்டு 'அன்அலோகேட்டட்' என்று இருந்தால் பார்ட்டிஷன் விவரம், அதாவது டிஸ்க் எப்படிப் பகுதி பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு, போயிருக்கிறது. அதையும் மீட்கலாம், புதிய வால்யூம் மட்டும் உருவாக்கிவிடாதீர்கள். அளவே தெரியாமல் இருந்தாலோ, 'நோ மீடியா' என்றாலோ, டிஸ்க் மேனேஜ்மென்ட் திறக்காமலே நிமிடக் கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தாலோ, கோளாறு ஃபைல் பட்டியலோடு நிற்கவில்லை. படிக்க முடியாத பேட் செக்டர்கள், அதாவது தட்டில் கெட்டுப்போன சின்னச் சின்னப் பகுதிகள், இருக்கலாம், ஹெட் பலவீனமாக இருக்கலாம். விண்டோஸ் விடாமல் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கும், அந்த முயற்சியே டிஸ்கைச் சாகடிக்கும். கழற்றி ஓரமாக வையுங்கள்.

'ரா' அல்லது 'அன்அலோகேட்டட்' என்றால் அக்கா மகனுக்கு உண்மையிலேயே ஒரு நல்ல வேலை இருக்கிறது. அவனைக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் டிஸ்கின் உடல்நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். பழுதான செக்டர்களைக் காட்டும் 05, சி5, சி6 என்ற வரிகளில் பூஜ்யம் இருந்து, மேலே 'குட்' என்று காட்டினால் வீட்டிலேயே முயற்சி செய்யலாம். மஞ்சளோ சிவப்போ காட்டினால் வீட்டு முயற்சி வேண்டாம்.

வீட்டில் செய்வதானாலும் முறை ஒன்றுதான். 2 டிபிக்குக் குறையாத இன்னொரு டிஸ்க் வாங்கி, பழையதை முதலிலிருந்து கடைசிவரை அப்படியே அதில் நகல் எடுக்க வேண்டும். ஃபைல் ஃபைலாக இல்லை, செக்டர் செக்டராக. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது. சுலபமாகப் படிக்க வருவதை முதலில் எடுத்துக்கொண்டு, கஷ்டமான இடங்களைக் குறித்துவைத்துக் கடைசியில் திரும்பி வரும். நகல் எடுக்கும்போது எது மூலம், எது புதியது என்று மாற்றிக் கொடுத்துவிட்டால் எல்லாம் போய்விடும். அதனால் இரண்டு டிஸ்கிலும் பேனாவால் எழுதி ஒட்டுங்கள். நகல் கிடைத்ததும் பழையதைப் பெட்டியில் வைத்துவிட்டு, டெஸ்ட் டிஸ்க் மாதிரி மீட்புக் கருவிகளை நகலில் மட்டும் ஓட்டட்டும். தப்பு நடந்தாலும் மூலம் பத்திரமாக இருக்கும்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மீட்கும் கருவிகளில் இரண்டு தினுசு. பழைய பட்டியலின் மிச்சத்தைக் கண்டுபிடித்து ஃபோல்டர், ஃபைல் பெயரோடு எடுப்பது ஒன்று. பட்டியலை விட்டுவிட்டு, பாட்டு ஃபைல் போலத் தெரிவதையெல்லாம் வாரிக்கொண்டு வருவது இன்னொன்று. ஃபோட்டோரெக் இந்த இரண்டாவது தினுசு. அதில் பாட்டு வரும், பெயர் வராது. எது தோடி வர்ணம், எது பைரவி கீர்த்தனை, எந்தப் பாடம் எதற்கு அடுத்தது என்பதெல்லாம் போய், வெறும் எண்களாக நூற்றுக்கணக்கான ஃபைல்கள் கையில் இருக்கும். ஒவ்வொன்றாகக் கேட்டு நீங்களே பெயர் வைக்க வேண்டியிருக்கும். அதனால் பெயரோடு எடுக்கும் வழியை முழுவதும் முயன்று பார்த்துவிட்டு, அது முடியாதபோது மட்டும் இரண்டாவதற்குப் போகச் சொல்லுங்கள்.

இப்போது போர்டு. மின்சாரம் தாறுமாறாகப் பாய்ந்து போர்டு கருகிய டிஸ்குகளில்தான் அந்தப் பேச்சு வரும். உங்களுடையதில் விளக்கை விட்டுவிட்டாலும், ஒரு முறை ஃபார்மட் கேட்டிருக்கிறது. போர்டு போன டிஸ்க் பெரும்பாலும் அந்த அளவுக்கு வராது. அப்படியே மாற்ற வேண்டி வந்தாலும், அதே மாடல் போர்டைக் கொண்டுவந்து மாட்டினால் போதாது. ஒவ்வொரு டிஸ்குக்கும் தொழிற்சாலையில் அளந்து எழுதிய தனிக் குறிப்புகள் போர்டில் உள்ள ஒரு சின்னச் சிப்பில் இருக்கும். அதையும் எடுத்துப் புதுப் போர்டுக்கு மாற்ற வேண்டும். டபிள்யூடி மை பாஸ்போர்ட் மாதிரி டிஸ்குகள் பலவற்றில், பாஸ்வேர்ட் வைக்காவிட்டாலும் தகவல் பூட்டிய வடிவில்தான் தட்டில் எழுதப்படுகிறது. பூட்டைத் திறக்கும் சிப் அந்தப் போர்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. பழைய போர்டைத் தூக்கிப் போட்டுவிட்டால் சாவி போன மாதிரிதான். இந்தச் சிப் பேச்சையே எடுக்காமல் போர்டு மாற்றலாம் என்று சொல்கிற கடையில் டிஸ்கைக் கொடுக்காதீர்கள்.

கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் மவுண்ட் ரோடை ஒட்டிய ரிச்சி தெருவிலும் மற்ற இடங்களிலும் டேட்டா ரெக்கவரி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கடையின் பெயர்ப் பலகையை மட்டும் பார்த்துக் கொடுக்காமல் சில கேள்விகளைக் கேளுங்கள். முதலில் நகல் எடுப்பீர்களா, நேராக மூலத்தில் சாஃப்ட்வேர் ஓட்டுவீர்களா? டிஸ்கைத் திறக்க வேண்டி வந்தால் தூசியில்லாத அறை எங்கே இருக்கிறது, உங்களிடமா, வேறு ஊருக்கு அனுப்புவீர்களா? எதுவும் கிடைக்காவிட்டால் எவ்வளவு வாங்குவீர்கள்? பதில் தெளிவாக வர வேண்டும். டிஸ்கின் சீரியல் எண்ணை எழுதி ரசீது வாங்குங்கள். என்னைக் கேட்காமல் திறக்கக் கூடாது என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். சாதாரண அறையில் மேசைவிளக்கு வெளிச்சத்தில் மூடியைக் கழற்றுகிற இடமாக இருந்தால் நன்றி சொல்லிவிட்டு டிஸ்கோடு கிளம்பிவிடுங்கள்.

கொடுக்கும்போது, எல்லாவற்றுக்கும் முன் பாட்டுப் பாடம் இருக்கும் ஃபோல்டரை எடுங்கள் என்று சொல்லுங்கள். 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக இருந்தால் ஒரு மணி நேரப் பாடம் 58 எம்பிதான் வரும். சிடி தரத்தில் வேவ் ஃபைலாக வைத்திருந்தாலும் 635 எம்பி. கல்யாண வீடியோவோடு ஒப்பிட்டால் பாடங்கள் கொஞ்சம் இடம்தான். டிஸ்க் நடுவில் கைவிட்டாலும் அதற்குள் பாடங்கள் வெளியே வந்திருக்கும்.

ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்றும் யாராவது சொல்வார்கள். சென்னைப் புழுக்கத்தில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த எதிலும் நீர் முத்து முத்தாகப் பூக்கும். டிஸ்குக்கு உள்ளேயும் பூக்கலாம். வேண்டவே வேண்டாம்.

கடைசியாக நான் உங்களைக் கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் கேசட்டுகள் இன்னும் இருக்கின்றனவா? இருந்தால் தயவு செய்து தூக்கிப் போடாதீர்கள். பரணில் இருந்தால் இன்றைக்கே இறக்கி, காற்றாடும் நிழலான இடத்தில் வையுங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் டேப் ரெக்கார்டரில் போட்டுப் பார்க்க வேண்டாம். பூஞ்சை ஹெட்டில் ஒட்டி, அடுத்த கேசட்டுக்கும் பரவும். பழைய கேசட், ஸ்பூல் நாடாக்களைச் சுத்தம் செய்து மாற்றித் தருகிறவர்களிடம் கொடுக்கலாம். கேசட்டிலிருந்து முதலில் எந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றினீர்களோ, அது வீட்டில் எங்காவது கிடந்தால் அதையும் ஆன் செய்யாமல் எடுத்து வையுங்கள். அழித்த ஃபைல்கள் அதன் பழைய ஹார்ட் டிஸ்கில் இன்னும் இருக்கலாம். மாணவிகளில் யாருக்காவது பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பீர்கள், அவர்களிடம் கேளுங்கள். கல்யாண வீடியோ எடுத்த ஸ்டூடியோவுக்கும் ஒரு ஃபோன் போட்டுப் பாருங்கள்.

டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையை ஃபோனில் ஒரு படம் எடுத்து, டிஸ்கின் அடிப்பக்கத்தில் இருக்கும் மாடல் எண்ணோடு எனக்கு அனுப்புங்கள். சத்தம் எப்படி இருந்தது என்பதையும் இரண்டு வரி எழுதுங்கள். மூலத்தை நகல் எடுப்பது வீட்டில் முடிகிற வேலையா, கடைக்குப் போக வேண்டியதா என்று அதை வைத்து என்னால் சொல்லிவிட முடியும். படம் எடுத்ததும் டிஸ்கைக் கழற்றி, ஒரு துணியில் சுற்றி, கேபிளோடு சேர்த்து அலமாரியில் வைத்துவிடுங்கள்.